கேட்கும் கிண்ணங்கள்

அறிவியல் கூடத்தில் ஆளுயரக் கிண்ணங்கள் இரண்டு எதிரெதிரே நின்றன. ஒன்றில் முகம் வைத்து மெல்லப் பேசினால், நாற்பதடி தள்ளி மற்றதில் தெளிவாகக் கேட்கும்.

"அக்கா, இன்னிக்கும் எல்லாரும் 'கேக்குதா'ன்னுதான் கேட்டாங்க. 'கேக்குது'ன்னு பதில் வந்ததும் ஓடிட்டாங்க. மேல ஒரு வார்த்தை பேசினா வாய் தேஞ்சிடுமா?" என்றது சின்னக் கிண்ணம்.

"கேக்குதான்னு பார்க்கத்தானேடி வர்றாங்க," என்றது பெரியது.

அன்று மாலை ஓர் அம்மா வந்தாள். அவளைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்திவிட்டு, மகன் எதிரே பெரிய கிண்ணத்துக்குப் போனான். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். முதுகு காட்டி நின்ற அம்மாவுக்கு அது தெரியவில்லை.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள். காது கொடுத்துக் காத்திருந்தாள். மறுபடியும், "சேகரா, இருக்கியாப்பா?" என்றாள்.

"அக்கா, பாவம்க்கா! ஏதாவது சொல்லேன்," என்று தவித்தது சின்னது.

மனிதர்களிடம் சொல்லப் பெரியதுக்குத் தெரிந்தது ஒரே சொல்தான். தயங்கித் தயங்கி அதைச் சொன்னது.

"கேக்குது."

அம்மா ஓடவில்லை. இன்னும் நெருங்கி நின்று, முழங்கால் வலி ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் பேசினாள்.