கண் பழகும் வரை

சதுரம் வரவில்லை.

இருட்டில் அவள் கண்ணை அகல விரித்தாள். மூடினாள். மறுபடி விரித்தாள். மூடினாலும் திறந்தாலும் ஒரே கறுப்பு.

பக்கத்து நாற்காலியில் அக்கா. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். மதியம் வண்டிக்கு ஓய்வு என்பதால், தங்கை அப்படி என்னதான் செய்து கிழிக்கிறாள் என்று பார்க்க வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததிலிருந்து தங்கையின் முழங்கையை விடவில்லை.

"இதென்னடி, கரண்ட் போன வீட்ட டிக்கெட் போட்டுக் காட்டப்போறியா?"

நாளை கண்காட்சி திறப்பு. ஜன்னல் இல்லாத அறை. சுவர், தரை, கூரை எல்லாம் கறுப்பு. இடப்பக்கச் சுவரில் மட்டும் ஒரு சதுரம், அதன் பின்னால் ஒரு விளக்கு. இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவர்கள் சண்டை போடும் அளவுக்கு அதைத் திருகித் திருகி மங்கலாக்கி வைத்திருந்தாள். வந்து உட்காருகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் சாம்பல் நிறத்தில் மெல்லக் கசியும். நேராகப் பார்த்தால் ஓடிவிடும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் திரும்பி வரும்.

நேற்று வந்தது. முந்தாநாளும் வந்தது.

இன்று நேராகப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.



அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் இருட்டில் மட்டும். லாரியில் மூட்டை ஏற்றும்போது பலகையைத் தவறவிட்டு விழுந்தார். குடித்திருப்பான் என்றார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அந்த மனுஷன். பிறகு பகலும் போனது. பரம்பரை நோய், மருந்து கிடையாது என்று கையை விரித்த டாக்டர், நின்றிருந்த மகள்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "முப்பது தாண்டட்டும், பாப்போம்" என்றார், ஏதோ கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி.

தாண்டிவிட்டது.

பரிசோதனைக்கு அவள் போகவில்லை. போனால் தெரிந்துவிடும்.

நிலையாமையைப் பற்றிய படைப்பு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார் கண்காட்சிக் கூடத்தின் பொறுப்பாளர். நிலையாமையாவது மண்ணாங்கட்டியாவது. சொந்தக் கண்ணை நம்ப முடியாதவள் தினம் தினம் தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை அது. இதுவரை பாஸ். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, தெரியுதா?"

"ம், தெரியுதே. ஏன், உனக்குத் தெரியலையா?"

"தெரியுது, தெரியுது."

ஆக, விளக்கு எரிகிறது. அக்காவுக்குத் தெரிகிறது. அவளுக்குத்தான் இல்லை.

நாளை யார் யாரோ வந்து உட்கார்ந்து அவளுடைய வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். அவள் ஓரமாக நின்று தலையாட்டுவாள். அடுத்த வருஷம்? அதற்கும் அடுத்த வருஷம்? அப்பாவின் உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டே கழிவறைக்குப் போகும் அந்தச் சரசரப்பு காதுக்குள் கேட்டது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

கதவுக்கு வெளியே எலக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார்.

"மேடம், உள்ளயா இருக்கீங்க? அந்த லைன ஆஃப் பண்ணிட்டுல்ல பக்கத்து ரூம்ல வேல பாக்குறோம். இருங்க, போட்டு விடுறேன்."

ஒரு நொடி அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும். விளக்கே எரியவில்லை. எரியாத விளக்கையா இவ்வளவு நேரம் தேடிச் செத்தாள்?

அக்கா சரியான புளுகி. தங்கை எதைச் செய்தாலும் பிரமாதம் என்பாள். காலேஜில் வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டியவள்தானே.

எங்கோ சுவிட்ச் விழுந்தது. இடப்பக்கம் சாம்பல் நிறம் கசிந்தது. கண் ஏற்கெனவே பழகியிருந்ததால் சட்டென்று வந்தது. நான்கு மூலைகளும் தெரிந்தன. தள்ளிப் பார்த்தாள், இருந்தது. அவளுடைய சதுரம். அவளுடைய கண்.

"இப்ப சொல்லு, பொய்க்காரி. எங்க இருக்கு, காட்டு."

அக்கா அவள் கையைத் தேடிப் பிடித்தாள். ஆள்காட்டி விரலை நீட்டவைத்து, வலப்பக்கம், வெறும் சுவரை நோக்கிக் கொண்டுபோனாள். அதில் தயக்கமே இல்லை.

"அதோ. அழகா இருக்கு குட்டி."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியது நீட்டியபடி இருந்தது.

"அக்கா," என்றாள். "எவ்வளவு நாளா?"

எது என்று அக்கா கேட்கவில்லை.

நாற்காலி தரையில் உரசியது.

"கதவு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும். எல்லாரையும் எறக்கி விடணும். இப்பல்லாம் சீக்கிரமே இருட்டிருது."