ஒரு டிகிரி புரண்ட தம்பி

உறைகுளிர்ப் பெட்டி ஒன்றுக்குள் கரியால் ஆன இரண்டு ஏடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இரண்டும் ஓர் அணு கனம்தான். கீழே அண்ணன், மேலே தம்பி. தன் தேன்கூட்டுக் கட்டங்களோடு தம்பியின் கட்டங்கள் இம்மியும் பிசகாமல் பொருந்தியிருக்க வேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம். தம்பியும் அப்படியே கிடந்தான். ஆனாலும் ஊடே ஓடிய எலக்ட்ரான்கள் இடித்துக்கொண்டும் முனகிக்கொண்டும்தான் போயின.

ஒருநாள் தம்பி தூக்கத்தில் ஒரு டிகிரி புரண்டுவிட்டான்.

"நேராப் படுடா" என்று அதட்ட வாயெடுத்த அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, எதிலும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு போயின. முனகலே இல்லை.

"யார் செஞ்ச ஏற்பாடுங்க இது?" என்று ஓர் எலக்ட்ரான் நின்று கேட்டது.

"நான்தான் இவனைத் திரும்பிப் படுக்கச் சொன்னேன்" என்றான் அண்ணன். சொல்லி முடித்ததும் அவனுக்கே அது உண்மையென்று பட்டது. ஒரு டிகிரிக்கே இவ்வளவு என்றால், இன்னும் திரும்பினால் எப்படியிருக்கும் என்று ஆசை வந்தது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் திரும்பு."

"இதுவே நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"சொன்னதைச் செய்."

தம்பி திரும்பினான். அந்தக் கணமே ஜோடிகள் பிரிந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பழையபடி இடிபட ஆரம்பித்தன. ஏற்பாட்டைப் பற்றி விசாரித்த அதே எலக்ட்ரான் துணையை இழந்து தடுமாறி வந்தது.

"என்னங்க ஆச்சு?"

அண்ணன் பெருமூச்சு விட்டான். "என்னத்தைச் சொல்ல? இவன் என் பேச்சைக் கேட்டாத்தானே."