பக்கத்துத் தோட்டத்து ஏரோப்பிளேன்

“ஹேய்! போ! போய்த் தொலை, சனியனே!”

கையிலிருந்த கம்பு ஒடியும்வரை மாடுகளின் முதுகில் சாத்தினான் செல்லன். ஒன்றாவது அசைய வேண்டுமே! தலைக்கு மேலே ஏரோப்பிளேன் உறுமிக்கொண்டு வட்டம் போடுகிறது. அதுகளோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அது இறங்க வேண்டிய திடலின் புல்லை நக்கிக்கொண்டிருந்தன.

கடைசியில் விமானிக்குப் பொறுமை போய்விட்டது. மேட்டுத் தோட்டத்துக்கு வாலைக் காட்டிவிட்டு ஆற்றுக்கு அப்பால் பறந்தான். அங்கே ஆற்றங்கரைத் தோட்டத்துத் துரையும் சொந்தமாக ஒரு திடல் வெட்டி, வேலியும் போட்டு, வா வா என்று காத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ஆபீஸ் கிராணி பெர்னாட் குடையும் கையுமாக ஓடி வந்தார். “என்னய்யா திடல் மண்டோரு நீ? புல்லு வெட்டணும், மாட்ட வெரட்டணும், ஏரோப்பிளேன் சத்தம் கேட்டா பச்ச எலையக் கொளுத்திப் புகை போடணும். காத்து எந்தப் பக்கம்னு பாத்து அவன் எறங்குவான். இந்த வேலைகூட முடியலியா?”

“இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்கய்யா.”

“நான் மன்னிச்சு என்னா செய்ய? ரோட்டுல காட்டுக்காரன் சுடுறான்னுதானே பெரிய துரை கோலாலம்பூர்லேருந்து பறந்து வர்றாரு? இன்னொரு தடவ இப்படி நடந்தா, பிளேன் கம்பெனிக்காரன் ஒரேயடியா அந்தத் தோட்டத்துக்குப் போயிருவான்லா!”

செல்லன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான். அதைப் பார்த்துக் கிராணிக்கே பாவமாகிவிட்டது.

அவசரகாலம் அல்லவா! காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள்; ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்காரனுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசிக்கும் அளவு, உப்புக்கும் அளவு. வீட்டுக்கு வந்தால் தாயம்மா காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, வாங்கி வச்ச உப்பு எங்க போவுது? ஆத்தங்கரைத் தோட்டத்துல நம்ம மக புஷ்பவள்ளி வாயும் வயிறுமா இருக்கா, ஊறுகா வேணும்னு ஆள் விட்டிருக்கா. அவ புருசனும் இடுப்பு வலில ரப்பர் மரம் சீவ முடியாம கெடக்குறாரு. அந்தப் புள்ளைக்கு இந்த ஊறுகாகூடக் குடுக்க வழியில்ல.”

செல்லன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். தாயம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“காட்டுக்காரனுக்கா குடுக்குறீங்க? போலீசுக்குத் தெரிஞ்சா குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பலேத்திருவான்யா!”

“மாட்டுக்குப் போட்டேன்.”

“எந்த மாட்டுக்கு?”

“திடல்ல மேஞ்சுதே, அதுக்குத்தான். விடியுறதுக்குள்ள புல்லு பூரா தூவிட்டு வந்தேன். உப்பு ருசி கண்ட மாடு நகருமா?”

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. பச்சை இலை ஒடிக்கக் காட்டோரம் போன அன்றைக்கு இரண்டு பேர் அவனை மடக்கியிருக்கிறார்கள். கழுத்தில் துப்பாக்கி.

“பெரிய துரை வர்ற நாளு ஒனக்கு முன்னாடியே தெரியும்லன்னானுங்க. அன்னிக்கு எங்களுக்கு அடையாளமா ஒரு புகைக்கு ரெண்டு புகையாப் போடு, சுடுறத நாங்க பாத்துக்குறோம்னானுங்க. போட்டா சர்க்கார் என்னத் தூக்குல போடும். போடலேன்னா அவனுங்க கழுத்த அறுத்துருவானுங்க. ஏரோப்பிளேனே வரலேன்னா புகை எதுக்குப் புள்ள?”

சொல்லி முடித்ததும் செல்லன் சின்னப் பிள்ளைபோல அழுதான். தாயம்மா அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப, அந்தத் தோட்டத்துல புகை போடப்போறவன் கதி?”

“எவன் தலையில விடியுதோ விடியட்டும்! நான் உசுரோட இருக்கணுமா, வேணாமா?”

இருக்கத்தான் வேண்டும். அடுத்த தடவை ஏரோப்பிளேன் வரும் நாளில், அக்கம்பக்கத்து வீடுகளில் கைமாற்றாக உப்பு வாங்கித் தாயம்மாவே ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள். மாடுகள் நக்கின. ஏரோப்பிளேன் வட்டம் போட்டது, போயே போய்விட்டது.

மறுவாரம் காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போது கிராணி வந்து சொன்னார். “இனிமே பிளேனு ஆத்தங்கரையிலதான் எறங்கும். செல்லா, நீ நாளைலேருந்து புல்லு வெட்ட லயத்துப் பக்கம் போ. மண்டோரு வேலை கெடையாது.”

மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். செல்லனோ நேராக முனியாண்டி கோயிலுக்குப் போய்ச் சிதறுகாய் உடைத்தான். அன்றைக்குத்தான் அவன் சோற்றைச் சோறாகத் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை, கேட்டில் சோதனை முடித்து மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள் புஷ்பவள்ளி. மூச்சு வாங்கினாலும் முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, எனக்கு ஊறுகாயும் வேணாம், ஒண்ணும் வேணாம். முதல்ல வாயில சீனியப் போடு!”

“என்னாம்மா சேதி?” என்றான் செல்லன்.

“உங்க மருமவன் இனிமே இடுப்ப ஒடிச்சுக்கிட்டு மரம் சீவ வேணாம்பா. எங்க துரைகிட்ட, நான் மேட்டுத் தோட்டத்துச் செல்லன் மருமவன்னு சொன்னாராம். அப்படியா, அப்ப உனக்குச் சொல்லிக் குடுக்க ஆளிருக்குன்னு துரை அப்பவே வேலைய மாத்திட்டாராம்!”

“கும்பிட்ட சாமி கைவிடல தாயி!” செல்லன் கூரையைப் பார்த்துக் கைகூப்பினான். “என்ன வேலைம்மா?”

“புகை போடுற வேலைப்பா!”