சைரனின் முதல் ரேங்க்

கல்வி அதிகாரி அம்மா வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒன்பதாவது பெயரை வாசித்ததும், வகுப்பில் மூன்று பேர் ஒரே நேரத்தில் "உள்ளேன் அம்மா" என்றார்கள்.

ஒற்றுமை என்றால் இதுதான்.

இன்றைக்கு யார் குரல் கொடுப்பது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். பத்தாம் வகுப்பில் மொத்தமே எட்டு பேர். அதில் மூன்று பேருக்குத் தியாக உணர்வு பொங்கிக்கொண்டு வந்தால் வகுப்புத் தலைவி நான் என்ன செய்ய முடியும்?

ஒன்பதாவது பெயர் சைரனுடையது. அவள் சிரித்தால் தலைமையாசிரியர் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார், அதனால் அந்தப் பட்டம். நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டாள். பெயரை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள்.

ஒன்பதுக்கு ஒன்று குறைந்தாலும் வகுப்பைக் கலைத்துவிடுவார்கள். எங்களைப் பெரிய பள்ளியில், அறுபது பேர் நெருக்கியடித்து உட்காரும் அறைகளில், ஆளுக்கொரு பிரிவாகப் போட்டுவிடுவார்கள். அங்கே எங்களை யார் சீந்துவார்கள்?

இங்கே எங்கள் ராஜ்ஜியம். ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதும் நாங்கள்தான், ஓரத்தில் நின்று கைதட்டுவதும் நாங்கள்தான். ஆண்டுவிழா நாடகத்தில் ராஜாவாகச் செத்துக் கிடந்தவன் எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடிவிட்டு, மறுபடி வந்து சாவான். பட்டிமன்றத்தில் ஆள் பற்றாமல் நான் இரண்டு பக்கமும் பேசினேன். தோற்றது நான்தான் என்றாலும் ஜெயித்ததும் நான்தான் என்பதால் வருத்தமில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுப் போக எங்களில் ஒருவருக்கும் மனசில்லை.

ஆகவே சைரன் ஊரை விட்டுப் போகவில்லை என்று முடிவு செய்தோம்.

"மாமா வீட்டுக்குப் போயிருக்கா சார், வந்துடுவா" என்று கணக்கு சாரிடம் சொன்னேன். அவர் தினமும் எட்டுத் தலைகளை எண்ணி ஒன்பது என்று எழுதினார். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, குறுக்கே பேச நாங்கள் யார்? வகுப்பு போனால் அவர் வேலையும் போய்விடும் என்பதற்கும் இதற்கும் துளியும் சம்பந்தமில்லை.

அவளுடைய வீட்டுப்பாடத்தை முறைவைத்து எழுதினோம். அரையாண்டுத் தேர்வு வந்ததும் அவள் விடைத்தாள்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். யாருக்கு எந்தப் பாடம் நன்றாக வருமோ அவர் அதை எழுதுவது.

அங்கேதான் வினையே வந்தது. எட்டு பேருடைய மூளையும் ஒரே ஆளுக்குப் போனதில் சைரன் முதல் ரேங்க் வாங்கிவிட்டாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு. இங்கே இருந்தவரை முப்பதைத் தாண்டாதவள்! சிநேகிதியை ஏமாற்றக்கூடாதே என்று அவனவன் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தான். தன் தாளில் கோட்டைவிட்டவன்கூட அவள் தாளில் வெளுத்துவாங்கியிருந்தான்.

அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தபோது, முதல் ரேங்க்குக்குப் பரிசு கொடுக்கத்தான் வருகிறார் என்று தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

அதிகாரி அம்மா மூன்று குரலையும் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை.

"நான் தலை எண்ண வரலை. இந்தப் பொண்ணு பேரு ரெண்டு ஸ்கூல் லிஸ்ட்ல இருக்கு. இங்க எடுத்தாத்தான் அங்க பொதுத் தேர்வுக்குச் சேர்க்க முடியும். இன்னிக்குக் கடைசி நாள். பேரை எடுக்கச் சொல்லி அவ அம்மா கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் ஆபீஸ்ல குடுத்தாச்சுங்கறா. ஆபீஸ்ல தேடிப் பாத்துட்டேன், இல்ல. அது இல்லாம பேரை எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. யாருக்காவது தெரியுமா?"

கணக்கு சார் ஜன்னலைப் பார்த்தார். தலைமையாசிரியர் கணக்கு சாரைப் பார்த்தார். மற்ற ஏழு பேரும் திருதிருவென்று முழித்தார்கள். பாவம், அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. அவள் அங்கே ஜாம்ஜாமென்று சேர்ந்துவிட்டாள், இங்கே பெயர் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் வகுப்பு பிழைத்துவிடும். அவளுக்கு ஒரு வருஷம் போகும்.

ஒரு வருஷம்தானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது.

பையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். சைரன் வீட்டார் கிளம்பிய அன்று ஆபீஸ் பூட்டியிருந்தது. அதனால் என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அதிகாரி அம்மா அதிலிருந்த தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்பதாவது பெயரின் மேல் கோடு போட்டார்.

"இத்தனை நாள் நீயாடி வச்சிருந்த?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.



சைரன் வாராவாரம் போன் செய்து விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பாள். இன்று போய் நாளை வா என்று ஆபீஸில் இழுத்தடிக்கிறார்கள், நானும் நடையாய் நடக்கிறேன் என்று சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமைகூட, "எனக்காக எவ்ளோ அலையுற, பாவம்டி நீ" என்றாள்.