சாட்சி சொல்லப் போன சேவல்

சேவல் சண்டை வழக்கில் பிடிபட்ட செவலைச் சேவலும், அதன் காலில் கட்டியிருந்த கத்தியும் கோர்ட்டில் ஒரே மூலையில் கிடந்தன.

"நாளைக்கு எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேண்ணே," என்றது சேவல்.

"நீ சாட்சி இல்லை தம்பி, சாட்சிப் பொருள். பொருள் பேசக் கூடாது," என்றது கத்தி.

சேவலா கேட்கும்? மறுநாள் ஜட்ஜ் முன்னால் தூக்கிக் காட்டியதும், "இந்தச் சுடலையாண்டிதான் என்னைச் சண்டைக்கு விட்டான்!" என்று தொண்டை கிழியக் கூவியது.

"சத்தம் வராமப் பிடிங்கய்யா," என்ற ஜட்ஜ், கண்ணால் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லையென்று சுடலையாண்டியை விடுதலை செய்தார். பொருள் இரண்டையும் உரியவனிடமே ஒப்படைக்கச் சொன்னார்.

"என்னா கூவு கூவுறே! வீட்டுல மசாலா அரைச்சாச்சு," என்று சுடலையாண்டி இரண்டையும் ஒரே பையில் போட்டான்.

"அண்ணே, நாம எங்கே போறோம்?"

பொருள் பேசக் கூடாதே. கத்தி வாயைத் திறக்கவில்லை.