கத்திக்குப் பதம் வரவில்லை

“இன்னாப்பா, நீ வித்த உலை டுபாக்கூரு!” நான்காவது தடவையாகப் போனில் கத்தினார், பொழுதுபோக்காகக் கத்தி அடிக்கும் வரதராஜன்.

பென்னலூரில் பட்டறைச் சாமான் விற்கும் ரகுவுக்குத் தலை வலித்தது.

“கரி மாத்தினேன், புளோயர் மாத்தினேன், எண்ணெய் மாத்தினேன். கத்தி பதமே வரல, வளைஞ்சுக்கினே போவுது!”

“பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டுல இரும்பு காந்தத்துல ஒட்டாம போன பிறகுதான சார் எண்ணெய்ல முக்கினீங்க?”

“ஆமா. ஒட்டவேயில்ல.”

ரகுவுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். “காய்ச்சறதுக்கு முன்னாடி ஒட்டிச்சா?”

“அப்பவும்தான் ஒட்டல.”

“சார், அது எவர்சில்வர்! அதுல காந்தமும் ஒட்டாது, பதமும் ஏறாது. யாரு சார் இதை இரும்புன்னு உங்க தலையில கட்டினது?”

வரதராஜன் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க கம்பெனி ஸ்கிராப்புல நானே பொறுக்கினதுப்பா. ஒரகடத்துல அந்தக் கம்பெனிக்கு வர்ற இரும்பெல்லாம் சரியான இரும்பான்னு பார்த்து பாஸ் பண்றதே நான்தான்.”