பலகைக்கு அந்தப் பக்கச் சிரிப்பு

"நான் வாயைத் திறந்தாலே சிரிக்கறாங்க தலைவரே!"

லாம்வாக்கா அழுதுகொண்டே சொன்னாள். கம்பாலா பழைய துணிச் சந்தைக்குப் புதுசு அவள். குழந்தைகளுக்கான பழைய ஷூ வியாபாரம். வடக்கே குலுவிலிருந்து வந்தவள். இந்த ஊர்ப் பேச்சான லுகாண்டா இன்னும் அவள் நாக்குக்கு வசப்படவில்லை.

சந்தைத் தலைவர் செபுன்யா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரும்மா சிரிக்கறது?"

"பக்கத்துக் கடை நகலேமா அக்கா. அவங்க பெட்டிதான் சிரிக்குது."

அந்தப் பெட்டியைச் சந்தையில் தெரியாதவர் கிடையாது. நகலேமா கவுன் விற்பவள். போனைத் தூக்கி நிறுத்தி லைவ் போட்டு விற்பாள். மடியில் அந்தச் சின்னப் பெட்டி இருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் கைதட்டல், ஒன்றுக்குச் சிரிப்பு, ஒன்றுக்குக் குலவை. கடையில் ஈ காக்கா இல்லாவிட்டாலும், போனில் பார்க்கிறவர்களுக்குக் கல்யாண வீடு மாதிரி கேட்கும்.

"அவ பெட்டி, அவ வியாபாரம். உனக்கென்ன?"

"அவங்க லைவ் காலையிலேயே முடிஞ்சுடுது தலைவரே. மத்தியானம் நான் லைவ் ஆரம்பிச்ச பிறகுதான் பெட்டியைத் தட்டறாங்க. நடுவுல வெறும் பலகைதானே? நான் பேசி முடிச்சா ஹோன்னு சிரிப்பு. ஒரு ஜோடி வித்தா குலவை. என் லுகாண்டாவைக் கேலி பண்றாங்க. இப்படியே போனா கடையை மூடிட்டு ஊருக்கே போயிடறேன்."

கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"அடுத்தவ சோத்துல மண்ணள்ளிப் போடறாளே, இவ உருப்படுவாளா?" என்றாள் வேர்க்கடலைக்காரி.

தலைவர் எழுந்தார். பின்னாலேயே ஒரு கூட்டம்.

நகலேமா சப்பாத்தியையும் அவித்த பீன்ஸையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இத்தனை வருஷமா இங்க இருக்கே. புதுசா வந்த பொண்ணைப் பாத்து வயித்தெரிச்சலா?"

"எனக்கென்ன எரிச்சல் தலைவரே?"

"அவ லைவ்ல இருக்கறப்ப பெட்டியைத் தட்டறியா, இல்லையா?"

நகலேமா ஒருமுறை லாம்வாக்காவைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"தட்டறேன்."

"வேணும்னேதானா?"

"பின்ன, கை தவறியா தினம் தட்டுவாங்க? வேணும்னேதான்."

அடேயப்பா, என்ன திமிர்! கூட்டம் கொந்தளித்தது.

"பெட்டியை எடு. நான் சொல்றவரைக்கும் அது என்கிட்டயே இருக்கட்டும்."

நகலேமா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"சார்ஜ் போட்டு வைங்க தலைவரே. சார்ஜ் இறங்கிட்டா குலவை ஒப்பாரி மாதிரி கேக்கும்."

மறுநாள் மத்தியானம் லாம்வாக்கா நிம்மதியாக லைவ் ஆரம்பித்தாள். சிவப்பு ஷூ ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இதைப் போட்டுவிட்டா உங்க பிள்ளை தானா பள்ளிக்கூடத்துக்கு ஓடும். திரும்பி வரலேன்னா நான் பொறுப்பில்லை!"

சத்தமே இல்லை. அடுத்து என்ன பேசுவதென்று அவளுக்கே தெரியவில்லை. போன் திரையில் எழுத்துகள் வந்தன.

'இன்னிக்கு உன் கடையில ஆளே இல்லையா?'

'நல்ல சரக்கெல்லாம் தீர்ந்துடுச்சோ?'

'அந்தச் சிரிக்கற பொம்பளைங்க எங்கே? எவ்வளவு கலகலன்னு இருக்கும்!'

ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் பார்ப்பதாகத் திரை காட்டியது. ஒரு ஜோடிகூட விற்கவில்லை.

கூட்டமா? என் கடையிலா? லாம்வாக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. மெல்லத் திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

லைவை நிறுத்தாமலே எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனாள்.

நகலேமா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பீன்ஸ் டப்பாவில் சாய்த்து வைத்த போன். அதில் லாம்வாக்காவின் கடை தெரிந்தது. சிவப்பு ஷூ, காலி ஸ்டூல்.

"அக்கா... அந்த ஒரு ஆள் நீங்களா?"

"லைவை விட்டுட்டு ஏண்டி எழுந்து வந்தே? போ, போ!"

"எனக்காகவா தட்டினீங்க?"

"பின்ன எவளுக்கு? நீ நல்லாத்தான் பேசறே. சிரிப்பாவும் பேசறே. ஆனா பேசி முடிச்சதும் கடை எழவு வீடு மாதிரி கிடக்குது. எவ நின்னு பாப்பா? நானும் அப்படி ஒண்டியா கத்திக் கத்தித் தொண்டை வறண்டவதான்."



"நேத்து தலைவர் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே அக்கா! அத்தனை பேரும் உங்களைத் திட்டினாங்களே!"

"என்னன்னு சொல்லச் சொல்றே? 'இவ கடையில ஆளில்லை, நான்தான் பரிதாபப்பட்டுக் கைதட்டறேன்'னா? அத்தனை பேர் நடுவுல? அப்புறம் இந்தச் சந்தையில நீ எப்படித் தலைநிமிந்து நடப்பே?"

லாம்வாக்கா விடுவிடுவென்று தலைவரிடம் ஓடினாள்.

செபுன்யா அவளைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். பெட்டி பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

"மறுபடியும் என்னம்மா? பெட்டியைப் பிடுங்கியும் சிரிக்கறாளா?"

"இல்லை தலைவரே." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னிக்கு அவங்க சிரிக்கவே இல்லை. அதான் புகார்!"